வலிக்கிறதா என்று மட்டும் கேட்கத் தெரிந்தபோது

பிள்ளைகளே, நான் குளியலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை நீங்கள் இரண்டு பேரும் கதவில் காது வைத்துக் கேட்டீர்கள். எனக்குத் தெரியும். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி உங்கள் சிரிப்பு உள்ளே வந்தது.

"தம்பி, அப்பா கிலா ஆயிட்டாரு லா. தனியா பேசுறாரு," என்றாள் பெரியவள்.

"பைத்தியம்லாம் இல்லக்கா. மந்திரம் கத்துக்கிறாரு. நம்மள தவளையாக்கப் போறாரு," என்றான் சின்னவன்.

"உன்ன ஆக்க வேணாம்டா. நீ ஏற்கெனவே அப்படித்தான் இருக்க."

அன்றைக்கு நான் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நீங்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. சொல்லத் தொடங்கினால், எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் ஓர் அப்பா அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுகிற எழுத்து. பிழை இருந்தால் ஒதுக்கிவிட்டுப் படியுங்கள்.

தொழிற்சாலை வேன் ஓட்டிய வேலை போன பிறகு, தங்கா பத்துவில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போனது உங்களுக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குப் போவேன். அவரைக் குளிப்பாட்டி, கைத்தாங்கலாக வீட்டுக்குள் நடக்கவைத்து, கிளினிக் நாளில் காடியின் முன் சீட்டில் ஏற்றிக் கூட்டிப்போவேன். ஆறு மணிக்கு அவருடைய மகள் கடையிலிருந்து வந்ததும் புக்கிட் காத்திலில் நம் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் தன் அப்பாவை பாவா என்பார். மரியாதைக்கு ஒரு 'ஜி' சேர்த்து நான் பாவாஜி என்பேன்.

அவர்கள் போரா முஸ்லிம்கள். பாவாஜியின் அப்பா குஜராத்திலிருந்து கப்பலில் வந்து மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்தவர். ரப்பர் தோட்டத்து ஜனங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற கடை. அதனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் தமிழ் வரும். பாவாஜி மலாய், ஆங்கிலம், தமிழ், தன் சொந்த பாஷை என்று நாலு பாஷையில் விலை பேசுவாராம். பக்கவாதம் வந்து, பிழைத்து எழுந்தபோது மூன்று பாஷைகள் போய்விட்டன. தாய் சொல்லிக்கொடுத்த ஒன்று மட்டும் மிச்சம். சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த மிச்ச பாஷைக்குப் பெயர் லிசான் உத் தாவத். "பேசுறப்ப குஜராத்தி மாதிரி இருக்கும். உள்ள அரபு நெறைய கலந்திருக்கும். எழுதுறது அரபு எழுத்து," என்று அக்கா சொன்னார். சாலைப் பலகையில் பார்க்கிற ஜாவி எழுத்து மாதிரி இருந்தது. மலாக்காவில் அந்த பாஷை பேசுகிற வீடு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் கையைக் காட்டியே சமாளித்தேன். மத்தியானம் அக்கா கடையிலிருந்து வந்து அவரோடு சாப்பிடுவார், வேண்டியதைக் கேட்டு எனக்குச் சொல்லிவிட்டுப் போவார். அதற்கு மேல் பாஷை தேவைப்படவில்லை. ஒருநாள் அக்கா என்னை நிறுத்திப் பேசினார்.

"அண்ணே, எம் மக சிங்கப்பூர்ல புள்ள பெத்துக்கப் போறா. மொதப் புள்ள. நான் போகாம இருக்க முடியாது. நாலு நாளு. நீங்க ராத்திரியும் இங்கயே தங்கிக்கிறீங்களா?"

"தங்குறதுல ஒண்ணுமில்லக்கா. அவரு ஏதாச்சும் சொன்னா எனக்குப் புரியாதே."

"மூணு வாரம் இருக்குல்ல. நான் சொல்லித் தர்றேன்."

"எனக்கா? நான் மலாய்லயே பெயில்க்கா."

"எங்க பாவாவுக்குத் தமிழ் யாரு சொல்லிக் குடுத்தா? உங்க தோட்டத்து அம்மாங்கதான். வெலய கொறைங்க கொறைங்கன்னு கேட்டுக் கேட்டு. கத்துக்கலாம் லா அண்ணே."

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கை வேர்த்துக்கொண்டே வந்தது.

அது ஏன் என்று சொல்கிறேன். உங்கள் தாத்தாவை நீங்கள் பார்த்ததில்லை. என் அப்பா. அவருக்கு இனிப்புநீர் வியாதி இருந்தது. தோட்டத்து வீட்டில் ஒரு காலை நேரம், மாத்திரை போட்டுக்கொண்டு, இன்னும் சாப்பிடாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. வெயில் ஏறுகிறது என்று நினைத்து, பழைய நாளிதழ் ஒன்றை மடித்து விசிறினேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு தடித்து வார்த்தை குழறியது. "பேசாம இருங்கப்பா, காத்து வாங்குங்க," என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. லாரி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. ரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது, ஒரு கரண்டி சீனி வாயில் போட்டிருந்தால் போதும் என்று அங்கே ஒருவர் சொன்னார். திட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பாவாஜிக்கும் இனிப்புநீர். இவரும் ஏதாவது சொல்ல வாயைத் திறந்து எனக்குப் புரியாமல் போனால் என்ன செய்வது? இதுதான் என் பயம்.

பெரியவளின் பழைய அறிவியல் நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத்தாளாக இருந்தது. எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். அக்கா கடையில் ஓய்ந்திருக்கும் நேரத்தில் போனில் குரல் பதிவு அனுப்புவார். நான் காடியில் உட்கார்ந்து கேட்டு, பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதுவேன். பிறகு நம் குளியலறையில் சொல்லிப் பார்ப்பேன். நீங்கள் கேட்டது அதைத்தான்.

அக்கா ஒழுங்காகத்தான் தொடங்கினார். முதல் நாள் சலாம் சொல்வது, நலம் விசாரிப்பது. இரண்டாம் நாள், உங்களுக்கு என்ன பிடிக்கும், இன்றைக்கு மழை வருமா என்கிற மாதிரி வாக்கியங்கள். நான்தான் தடுத்தேன்.

"அக்கா, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வலிக்குதான்னு எப்படிக் கேக்குறது? விழுந்துட்டீங்களான்னு? தலை சுத்துதான்னு?"

"அண்ணே, நீங்க கல்யாண வீட்டுக்குப் போறதா இருந்தாலும் ஆம்புலன்ஸ்லதான் போவீங்களா?"

"எனக்கு அது தெரிஞ்சாத்தான்க்கா தூக்கம் வரும்."

சிரித்துக்கொண்டே நான் கேட்டபடி மாற்றிக்கொண்டார். முதல் வாக்கியம், துகே சே? வலிக்கிறதா? அடுத்தது, சக்கர் ஆவே சே? தலை சுற்றல் வருகிறதா? மூன்றாவது, படி கயா? விழுந்துவிட்டீர்களா? தண்ணீர் வேண்டுமென்றால் 'மனே பானி ஜோயியே' என்பார்களாம். 'மனே' என்றால் எனக்கு. எனக்குத் தண்ணீர் வேண்டும். நாம் சொல்லும் அதே வரிசை! வினை கடைசியில் வந்து நிற்கிறது. பசி 'எனக்கு'த்தான் எடுக்கிறது, வலி 'எனக்கு'த்தான் வலிக்கிறது, எல்லாம் நம்மைப் போலவே. பெரியவர்களிடம் ஒன்றைச் செய்யச் சொல்லும்போது சொல்லின் முடிவில் 'ஓ' வரும். நாம் 'ங்க' சேர்ப்பது மாதிரி. ஆவோ என்றால் வாங்க. ஆபோ என்றால் கொடுங்க. ஏழாவதாக எழுதியது பேசோ. உட்காருங்க. நம் 'பேசு' மாதிரி இருந்ததால் சீக்கிரம் மனதில் நின்றது. எதற்கு எந்தச் சொல் என்று மறந்துவிடக் கூடாது என்பதற்காக, பக்கத்தில் இப்படி எழுதிவைத்தேன்: 'பேசோ, உட்காருங்க, விழாம.'

அக்கா கிளம்பும்போது முப்பத்தொரு வாக்கியங்கள் சேர்ந்திருந்தன. எல்லாம் விபத்துக்கான வாக்கியங்கள். மனப்பாடமும் ஆகிவிட்டன.

அக்காவும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தார். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பெட்டியில் எந்த நாளைக்கான சாப்பாடு, விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷினை எப்படிப் பிடிப்பது, எண் நாலுக்குக் கீழே போனால் உடனே ஆம்புலன்ஸ். இனிப்புநீர் மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு. கிளினிக்கில் கொடுத்த தாளும் இருந்தது. அதில் உப்பைக் குறைக்கும்படி கோடு போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன வெள்ளி உப்புச் சிமிழ் எப்போதும் இருக்கும். அக்காவின் காடி தெருமுனை திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், அந்தச் சிமிழை எடுத்து அலமாரி உச்சியில் வைத்ததுதான். கண்ணில் பட்டால் கேட்பார், கேட்டால் கொடுக்க வேண்டிவரும் என்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. மத்தியானம் அக்கா வந்ததும் என் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு காடிக் கொட்டகைக்குப் போய்விடுவேன். ஒரு குடும்பம் சாப்பிடும்போது வேற்றாள் பக்கத்தில் நிற்பது நமக்குப் பழக்கமில்லை. நம் சாப்பாடு அவர்கள் மேசைக்கு ஆகுமோ ஆகாதோ என்ற கூச்சமும் இருந்தது. அவர்கள் என்னைப் போகச் சொன்னதில்லை. நானாகத்தான் போனேன்.

முதல் நாள் மத்தியானம் கிச்சடியைச் சூடாக்கி, ஒரு தட்டில் அழகாகப் போட்டு, பாவாஜியின் முன்னால் வைத்தேன். பக்கத்தில் தண்ணீர். பெரியவர்களுக்குப் பரிமாறும்போது எப்படி நிற்போமோ அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். என் அப்பா, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் அப்படி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நிற்பதுதான் மரியாதை என்று உடம்புக்கே தெரியும்.

பாவாஜி தட்டைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தட்டில் கை வைக்கவில்லை.

"துகே சே?" என்றேன்.

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"சக்கர் ஆவே சே?"

அவர் முகம் சுருங்கியது. இடது கையால் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "பேசோ," என்றார்.

எனக்குத் தெரிந்த சொல்! உட்கார வேண்டும் என்கிறார், சறுக்கிக்கொண்டு போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் கக்கத்தில் கை கொடுத்து மேலே தூக்கி, முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். கிச்சடி ஆறிப்போனது. மாலை கொஞ்சம் பாலும் இரண்டு பிஸ்கட்டும் உள்ளே போனது, அதுவும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

சாயங்காலம் அக்கா போனில் கிடைத்தார்.

"அடம் புடிப்பாரு அண்ணே. நான் இல்லல்ல, அந்தக் கோவம். நாளைக்குப் பசி எடுத்தா சாப்புடுவாரு. இங்க மகளுக்கு வலி வந்துருச்சு, நான் உள்ள போறேன்."

அவரை அதற்கு மேல் கலங்கடிக்க மனம் வரவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டேன். அன்றிரவு அரைமணிக்கு ஒருமுறை எழுந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஒருமுறை அவர் விழித்திருந்தார். "துகே சே?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை தாளில் எழுதியிருந்தபடி முதலில் மாத்திரை கொடுத்தேன். அரைமணி கழித்து ரொட்டியும் முட்டையும் வைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கையில் பிய்த்துக் கொடுத்தேன், கையை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரை உள்ளே போய்விட்டது. சாப்பாடு போகவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வயிற்றில் பாலும் பிஸ்கட்டும்தான்.

விரலில் குத்திப் பார்த்தேன். ஐந்துக்குச் சற்று மேல்.

"துகே சே? பாவாஜி, துகே சே? சக்கர் ஆவே சே? பானி?" எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கேட்டேன். முப்பத்தொன்றையும் கேட்டிருப்பேன். விழவே இல்லாத மனிதரிடம் "படி கயா?" என்றுகூடக் கேட்டேன். நான் கேட்கக் கேட்க அவர் கண் பெரிதாகிக்கொண்டே போனது. உதடு நடுங்கியது. அது சீனி இறங்குவதால் வரும் நடுக்கம் என்றே எனக்குப் பட்டது.

மறுபடி குத்தினேன். நாலு புள்ளி ஒன்று.

மேல் உதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது. அந்தத் துளிகளைப் பார்த்ததும் எனக்குத் தோட்டத்துப் படிக்கட்டு கண் முன்னால் வந்துவிட்டது. சீனித்தண்ணீர் கலக்கி ஓடிவந்தேன். கரண்டியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார், கழுத்தில் வழிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தி, பச்சைப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தேன். "ஏதாச்சும் சொல்லுங்க பாவாஜி," என்று தமிழில் கத்திவிட்டேன். "எனக்குத் தெரிஞ்ச வார்த்தையில ஏதாச்சும் சொல்லுங்க!"

அவர் சொன்னார். "பேசோ."

"உக்காந்துதான இருக்கீங்க!"

"பேசோ," என்றார் மறுபடி. இந்த முறை கெஞ்சுவது மாதிரி. கை பக்கத்து நாற்காலியைத் தட்டியது.

நான் புரிந்துகொண்டு உட்காரவில்லை, பிள்ளைகளே. பெருமைக்காக அப்படி எழுதிவிடலாம். உண்மை அதுவல்ல. நிற்க முடியாமல் பக்கத்தில் இருந்த அந்த நாற்காலியில் பொத்தென்று விழுந்தேன்.

பாவாஜியின் முகம் இளகியது. நான் உட்காருவதற்காகத்தான் இரண்டு நாளாகக் காத்திருந்தவர் மாதிரி. நடுங்குகிற கையால் தட்டைத் தள்ளி, எங்கள் இருவருக்கும் நடுவில் கொண்டுவந்தார். பிறகு மேசையில் ஒரு இடத்தை விரலால் தட்டினார். உப்புச் சிமிழ் இருந்த இடம்.

ஓடிப்போய் அலமாரி உச்சியிலிருந்து அதை எடுத்துவந்து திறந்தேன். அவர் விரல் நுனியால் ஒரு தொடு தொட்டு, நாலைந்து கல் இருக்கும், நாக்கில் வைத்துக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. சிமிழை என் பக்கம் தள்ளினார். நானும் தொட்டு வைத்துக்கொண்டேன். அவர் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, முட்டையில் தோய்த்து, வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அடுத்த துண்டை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

ஒரே தட்டு. அவர் விரல் பட்ட முட்டை. எச்சில் பண்ணாதே, ஒரே பாட்டிலில் இரண்டு பேரும் வாய் வைக்காதே என்று உங்களை நான் எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன். என் கை மடியிலேயே இருந்தது. அவர் காத்திருந்தார். வேர்வைத் துளி ஒன்று அவர் மோவாய்க்கு இறங்கியது. நான் ரொட்டியைப் பிய்த்து, அவர் தோய்த்த இடத்திலேயே தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டேன். அவர் உடனே அடுத்த துண்டை எடுத்தார். நான் ஒன்று, அவர் ஒன்று. நடுவில் சீனித்தண்ணீரைக் காட்டினேன், பிள்ளை மாதிரி முழுக்கக் குடித்தார். ரொட்டி தீர்ந்ததும் கிச்சடியை எடுத்துவந்து அதே தட்டில் கொட்டினேன்.

அரைமணி கழித்து மெஷினில் எண் ஆறைத் தாண்டியிருந்தது. நான் குசினிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலையில்தான் அக்கா கூப்பிட்டார். பேரன் பிறந்திருந்தான். வாழ்த்துச் சொல்லிவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சிமிழை எடுத்து வைத்ததையும் சொன்னேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ஐயோ அண்ணே," என்றார். "அத நான் சொல்லவே இல்லியே. நாங்க தனியா சாப்புட மாட்டோம். பெரிய தட்டு ஒண்ணு குசினிக் கதவுக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கேன் பாத்தீங்களா? அதுக்குப் பேரு தால். ஏழு எட்டு பேரு அதச் சுத்தி உக்காந்து ஒண்ணா சாப்புடுவோம். மொதல்ல உப்பு. ஒருத்தர நிக்க வச்சிட்டு பாவா எப்படி வாய் வைப்பாரு? இது சொல்ற விஷயம்னே எனக்குத் தோணல. மூச்சு விடுங்கன்னு யாராச்சும் எழுதி ஒட்டுவாங்களா?"

"நான் நின்னது மரியாதைக்குக்கா."

"தெரியும்ணே. பாவாகிட்ட போனக் காட்டுங்க."

திரையில் மகளையும் கொள்ளுப்பேரனையும் பார்த்ததும் பாவாஜி நிறையப் பேசினார். அழுதார். நடுவில் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அக்கா சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னக்கா சொல்றாரு?"

"நான் சாகப் போறேனான்னு கேக்குறாரு. இந்த மனுசன் நல்ல மனுசன், ஆனா ரெண்டு நாளா வலிக்குதா, மயக்கமா, விழுந்துட்டியான்னே கேக்குறான், டாக்டரு அவன்கிட்ட ஏதோ சொல்லிட்டாரு, நீங்கள்லாம் எங்கிட்ட மறைக்கிறீங்கன்னு சொல்றாரு."

நான் பாவாஜியைப் பார்த்தேன். அந்தப் பெரிதான கண், நடுங்கின உதடு. அந்த நடுக்கம் பாதி சீனியால், பாதி என்னால். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பாஷை. அதில் பேச வேறு ஆள் இல்லாத வீட்டில், என் பயத்தை மட்டும் அந்த பாஷையில் மொழிபெயர்த்து அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"அக்கா, சாப்டாச்சான்னு எப்படிக் கேக்குறது?" என்றேன்.

"அது ஒண்ணுதான அண்ணே நீங்க மொதல்ல கேட்டிருக்கணும்? தமிழாளுங்க கடைக்குள்ள வந்ததும் எங்க பாவா அதத்தான் கேப்பாரு. ஜமி லீதூ?"

அடுத்த இரண்டு நாளும் பெரிய தட்டை எடுத்து, கட்டில் பக்கத்தில் முக்காலி மேல் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா போனிலேயே சின்னச் சின்ன வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்தார். காரம் போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா. நான் தப்பாகச் சொன்னால் பாவாஜி திருத்துவார், திருத்திவிட்டுச் சிரிப்பார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விரலில் குத்துகிற ஒவ்வொரு முறையும் எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கும் காலையில் அந்த கேட்டைத் திறக்கும்போது, உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்கும்வரை கால் தயங்கும். ஆனால் உள்ளே போனதும் நான் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல.

அக்கா திரும்பிவந்த அன்று, சாயங்காலம், பை எடுத்துக்கொண்டு காடிக் கொட்டகைக்கு வந்தேன். அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். காடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டை ஸ்டீரிங் மேல் வைத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். ஏழாவது வரியை ரப்பரால் அழித்தேன். ஒன்று முதல் ஆறு வரை இருந்த எண்களை அழித்து, இரண்டு முதல் ஏழு வரை என்று மாற்றினேன். 'துகே சே'க்கு மேலே கொஞ்சம் இடுக்குத்தான் இருந்தது. அதில் பொடி எழுத்தில் ஒன்று என்று போட்டு, 'பேசோ, உட்காருங்க' என்று எழுதினேன். 'விழாம' என்பதை எழுதவில்லை. ரப்பர் தூளை ஊதிவிட்டுக் காடியை எடுத்தேன்.